ஒரின்பாசாருக்குப் பதில் ஒரின்பாசார்

எங்கள் தாஸ்புலாக் நகரத்தில் குளிர்காலம் தானாக வந்துவிடும். வெந்நீர் அப்படி வராது. அனல் நிலையத்திலிருந்து புறப்பட்டு, துருப்பிடித்த குழாய்களில் மண்ணுக்கடியில் ஊர்ந்து, வழியில் நாலு இடத்தில் கசிந்து, மிச்சமிருப்பதுதான் வீடுகளுக்கு வந்து சேரும். அந்தக் கசிவுகளை அடைப்பது எங்கள் நகர வெப்பக் குழாய் நிறுவனத்தின் வேலை. அங்கே தொலைபேசி அறையில் நான் இருந்தேன். பெயர் பகிலா. குழாய் வெடித்தால் ஜனங்கள் முதலில் என்னைத் திட்டுவார்கள், பிறகு முகவரி சொல்வார்கள். நான் ஜன்னலைத் திறந்து முற்றத்தைப் பார்த்துக் கத்துவேன். யார் டீ குடித்து முடித்திருக்கிறாரோ அவர் கிளம்புவார். பல வருஷம் இப்படியே நடந்தது. இதற்குப் பெயர் ஒழுங்கீனம் என்பது, இயக்குநர் கைரோல்லா பைசெனோவிச் தலைநகரத்தில் ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்துவிட்டு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வந்தவர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"இத்தனை காலமா நம்ம ஆளுங்க எங்க இருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. அதைவிடக் கேவலம், தெரியாதுங்கறதே நமக்குத் தெரியாம இருந்துச்சு. இனிமே அப்படி இல்ல. திரையைப் பாத்தாப் போதும். யார் யார் எங்கெங்க இல்லைங்கறது துல்லியமாத் தெரிஞ்சுடும்."

அவரே முதலில் கைதட்டினார். அவர் தட்டினால் நாங்களும் தட்டுவது வழக்கம்.

அடுத்த வாரம் தலைநகரத்திலிருந்து ஐசுல்தான் என்றொரு ஆலோசகர் வந்து இறங்கினார். எங்கள் ஊர்க் குளிருக்குப் பற்றாத மெல்லிய கோட்டு. புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொள்வதுபோல் கோட்டுக்குள் மடிக்கணினியை அணைத்திருந்தார். வேலையைப் பங்குபோடும் அந்த மென்பொருளுக்கு 'அறிவுள்ள உதவியாளன்' என்று பெயர். நாங்கள் சுருக்கி 'அறிவாளி' என்று கூப்பிட்டோம்.

அறிவாளி யாருக்காவது வேலை கொடுக்கவேண்டும் என்றால் அவருக்கு முதலில் ஒரு சுயவிவரம் இருக்கவேண்டும். அதைத் தயாரிக்கிற பொறுப்பை ஐசுல்தான் என் தலையில் கட்டினார். உடைந்த குழாய்களைப் பற்றவைத்து ஒட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து என் மேசை முன்னால் உட்கார்ந்தார்கள். தொப்பியைக் கழற்றிப் படம் பிடிக்கவேண்டும். வீடு எங்கே என்று வரைபடத்தில் புள்ளி குத்தவேண்டும். பிறகு திறமை. அறிவாளியிடம் இருந்த திறமைப் பட்டியல் ஏதோ வெயில் நாட்டில் தயாரானது போலிருக்கிறது. நீச்சல் குளம் சுத்தம் செய்தல் இருந்தது, புல்தரை வெட்டுதல் இருந்தது, தேன்கூடு அகற்றுதலும் இருந்தது. உறைந்த மண்ணைத் தோண்டி வெந்நீர்க் குழாயைப் பற்றவைத்தல் மட்டும் இல்லை.

"இல்லாததைச் சேக்க முடியாது. இருக்கறதுல பக்கத்துல எது வருதோ அதைப் போடுங்க" என்றார் ஐசுல்தான்.

"எனக்குத் தேன்கூடு போடு" என்றார் கென்ரிக். எங்களூரிலேயே பிறந்து வளர்ந்த ஜெர்மன்காரர், முப்பது வருஷமாகப் பற்றவைக்கிறவர்.

"தேன்கூடா? எதுக்கு?"

"குழாய் வெடிச்சா அதே சத்தம்தான் வருது. கொட்டறதும் அதே மாதிரிதான்."

மற்றவர்கள் எல்லோரும் நீச்சல் குளத்தில் இறங்கினார்கள். 'வேலையில் உங்களுக்கு ஊக்கம் தருவது எது?' என்று ஒரு கேள்வி இருந்தது. ஒரின்பாசார் என்ற பற்றவைப்பாளர், "குளிர்னு போடு தங்கச்சி" என்றார். விடை போதாது, இன்னும் எழுத்து வேண்டும் என்றது அறிவாளி. "அப்ப ரொம்ப ரொம்ப ரொம்பக் குளிர்னு போடு" என்றார். ஏற்றுக்கொண்டது.

இந்த ஒரின்பாசார் குல்தாயெவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஐம்பத்தைந்தைத் தாண்டிய மனிதர். அகன்ற தோள், சின்னக் குரல். யாரோடும் சண்டைக்குப் போனதில்லை. மரியாதையாக ஒரெகே என்று கூப்பிடுவோம். அவருக்கு ஒரே மகள் ஜன்சாயா. அந்தக் குளிர்காலத்தில் அவளை அக்தோபே என்ற தூரத்து ஊரில் ஒரு வீட்டுக்கு மருமகளாக அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. சுயவிவரம் எழுதும்போதே அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பொண்ணை அனுப்பற விருந்து அன்னிக்கு எனக்கு லீவு வேணும். அதை இதுல இப்பவே எழுதிடலாமா?"

"விடுப்பு எல்லாம் அறிவாளியே பாத்துக்கும்" என்றார் ஐசுல்தான்.

சுயவிவரங்கள் எல்லாவற்றையும் ஐசுல்தான் ஒரு பொத்தானை அழுத்தி உள்ளே கொட்டினார். அரசாங்க விதிப்படி மென்பொருள் கஸாக் மொழியில் ஓடவேண்டும், ஓடியது. எங்கள் மொழியில் ஒரின்பாசார் என்றால் ஒருவருடைய இடத்தை நிரப்புகிறவர் என்று பொருள். பெயராகவும் வைப்பார்கள், அலுவலகங்களில் துணை அதிகாரியைக் குறிப்பதும் இதே சொல்தான். அறிவாளிக்குப் பெயர்களைவிடப் பதவிகளோடுதான் பழக்கம் அதிகம். ஒரின்பாசாரை அது பதவியாகவே எடுத்துக்கொண்டது. யாருக்குத் துணை என்ற இடம் காலியாக இருந்ததால் எல்லோருக்கும் என்று வைத்துக்கொண்டது.

முதலில் இது யாருக்கும் தெரியவில்லை. கென்ரிக் காய்ச்சலில் படுத்தார். அவருடைய வேலை ஒரெகேயின் கைபேசிக்கு வந்தது. நல்ல மனிதர், போய்ச் செய்தார். அதற்குள் இன்னொருவருக்குக் கால் சுளுக்கியது, அவருடையதும் வந்தது. நகரத்தின் இரண்டு கோடியில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை. ஒன்றுக்குப் போனபோது இன்னொன்றில் 'வரவில்லை' என்று சிவப்புப் புள்ளி விழுந்தது. கணக்குப் பிரிவில் ஒரு பெண் பிரசவத்துக்குப் போனாள். அன்று மதியம் ஒரெகே குழிக்குள் முழங்கால்வரை வெந்நீரில் நின்றபோது கைபேசி கூவியது: காலாண்டு வரிக் கணக்கைச் சமர்ப்பிக்க நீங்கள் தாமதம்.

"பகிலா, இது என்னதும்மா?" என்று என்னிடம் வந்தார். கால்சட்டை விறைத்துப் பலகையாகியிருந்தது. "நான் எதுக்கு வரி கட்டணும்?"

"ஒரெகே, நீங்க கட்ட வேணாம். கணக்கு மட்டும் போடணுமாம்."

முற்றத்தில் மற்ற பற்றவைப்பாளர்கள் சும்மா நின்று புகை பிடித்துக்கொண்டிருந்தார்கள். போய் உதவலாம்தானே என்று கேட்பீர்கள். அறிவாளி ஒதுக்காத வேலையைத் தொட்டால் அதற்குச் 'சுயேச்சை நடவடிக்கை' என்று பெயர், முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாவது தடவை வெளியே. தவிர, கிடங்குக்காரி ரைசா லுகினிச்னா திரையில் பெயர் வராமல் ஒரு திருகாணிகூடக் கொடுக்கமாட்டாள்.

"கொடுத்தா என்ன ரைசா, உன் அப்பன் வீட்டுக் குழாயா?" என்பார் கென்ரிக்.

"அப்பன் வீடா இருந்தா எப்பவோ தூக்கிக் கொடுத்திருப்பேன். தேன்கூடு எடுக்கறவனுக்குக் குழாய் எதுக்குன்னு கேக்குது இது. நான் என்ன சொல்ல?"

காய்ச்சல் தெளிந்து கென்ரிக் வந்தபோது வெளிக்கதவு அவருக்குத் திறக்கவில்லை. அட்டையைக் காட்டினால் கதவு திறக்கவேண்டும். ஆனால் விடுப்பில் போனவர் திரும்பியதாக அறிவாளி ஒத்துக்கொள்ள வேண்டுமானால், அவருக்குப் பதிலாக இருந்தவர் 'ஒப்படைத்தேன்' என்ற பொத்தானை அழுத்தவேண்டுமாம். பதிலாள் ஒரெகேயோ ஊருக்கு அந்தப் பக்கம் குழியில் இருந்தார். அவர் கையுறையைக் கழற்றி அழுத்தும்வரை கென்ரிக் வாசலில் காலைத் தட்டிக்கொண்டு நின்றார். காய்ச்சல் மறுபடி வந்துவிட்டது.

ஒரெகே ஐசுல்தானிடம் போனார். துணைக்கு நானும் போனேன்.

"தம்பி, ஒரின்பாசார்ங்கறது என் பேரு. பதவி இல்ல."

ஐசுல்தான் பணிவாகத்தான் பேசினார். "புரியுது அண்ணா. ஆனா சுயவிவரத்துல ஒரு திருத்தம் செய்யணும்னா அதுக்கு ஒரு முறை இருக்கு. பணியாளர் கேக்கணும், மேற்பார்வையாளர் பரிந்துரைக்கணும், இயக்குநர் ஒப்புதல் தரணும். உங்க மேற்பார்வையாளர் இப்ப எங்க?"

"இடுப்பு வலின்னு ஊருக்குப் போயிருக்கார்."

"அப்ப மேற்பார்வையாளர் நீங்கதான். உங்க விண்ணப்பத்தை நீங்களே பரிந்துரைக்க முடியாது. அது முறைகேடு." ஐசுல்தான் கொஞ்சம் யோசித்தார். "சுலபமான வழி ஒண்ணு இருக்கு. பதிவு அலுவலகத்துல உங்க பேரை மாத்திக்குங்க. நாட்டோட சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. இங்கதான் இல்ல."

"எங்கம்மாவுக்கு மூத்த புள்ள ஒண்ணு இருந்துச்சு. நடக்கப் பழகறதுக்குள்ள போயிடுச்சு. அதுக்கப்புறம் நான் பொறந்தேன். அவன் எடத்தை நிரப்பட்டும்னு இந்தப் பேரை வச்சாங்க. மாத்துன்னா எப்படி மாத்தறது?" என்றார் ஒரெகே.

ஐசுல்தான் மடிக்கணினியில் ஏதோ தட்டினார். "மூத்தவருக்கும் நீங்கதான் பதிலாளா?" என்று கேட்டார். கேலி இல்லை. சுயவிவரத்தில் சேர்க்க வேண்டுமா என்றுதான் கேட்டார்.

அந்த மாதக் கடைசியில் ஐசுல்தான் ஊரைப் பார்க்கப் போய்விட்டார். விருந்து நாளுக்கு ஒரெகே விடுப்புக் கேட்டார். அறிவாளி கண்மூடித் திறப்பதற்குள் அனுமதித்தது. பூங்கொத்துப் படம்கூட அனுப்பியது. அதற்குக் கீழேயே சின்ன எழுத்தில் இப்படி இருந்தது: உங்கள் விடுப்பின்போது உங்களுக்குப் பதிலாகப் பணியாற்றுபவர், குல்தாயெவ் ஒரின்பாசார்.

நான் அதை இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

"அப்ப எனக்கு லீவு உண்டா இல்லையா?" என்றார்.

"உங்களுக்கு உண்டு ஒரெகே. உங்களுக்குப் பதிலா வர்றவருக்குத்தான் இல்ல."

இயக்குநரிடம் முறையிட்டோம். கைரோல்லா பைசெனோவிச் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பொறுமையாகக் கேட்டார். "இதுல என்ன குறை? ஒரு மனுசன் தன் வேலையைத் தன்னைவிட நம்பிக்கையான யார்கிட்ட ஒப்படைக்க முடியும்? எனக்கு அப்படி ஒரு ஆள் கெடைச்சா நான் வருசம் முழுக்க லீவுல இருப்பேன்." அப்புறம் மகளுக்கு வாழ்த்துச் சொன்னார். விருந்துக்குக் கட்டாயம் வருவதாகவும் சொன்னார்.

சொன்னபடியே வந்தார். எல்லோருமே வந்தார்கள். ஒரெகேயின் மகள் விருந்துக்குப் போகாமல் இருக்க யாருக்கு மனம் வரும்? கென்ரிக்கிலிருந்து ரைசா வரைக்கும் அத்தனை பேரும் அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தோம். நானும் எழுதிக் கொடுத்தேன். இதன் விளைவு என்ன என்று ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிப்பதைத்தான் அறிவாளியிடம் விட்டிருந்தோமே.

விருந்து மண்டபம் ரயிலடிக்குப் பக்கத்தில். வெளியே மூச்சு மீசையில் உறைந்தது. உள்ளே பவுர்சாக் மாவுருண்டை பொரிக்கிற வாசமும் இரட்டைத் தந்தித் தோம்ப்ராவின் மீட்டலும். மாப்பிள்ளை வீட்டார் மதியம் அக்தோபே ரயிலைப் பிடிக்கவேண்டும். ஜன்சாயா உயர்ந்த மணமகள் தொப்பியின் கனத்தில் கழுத்தை அசைக்காமல் நின்றாள். ஒரெகே புது சூட்டில் ஒடுங்கிக்கொண்டு வாசலில் எல்லோரையும் கட்டித் தழுவினார். தழுவிய ஒவ்வொரு தடவையும் அவர் மார்புப் பையில் கைபேசி அதிர்ந்தது. விருந்தாளி ஒருவர் உள்ளே வர வர அவருடைய பொறுப்பு ஒரெகேக்கு வந்துகொண்டிருந்தது. இயக்குநர் வந்து முக்கிய விருந்தாளிக்கான மேலிடத்தில் உட்கார்ந்ததும் ஒரெகே பதில் இயக்குநர் ஆனார்.

இறைச்சி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கைபேசி அடித்தது. தொலைபேசி அறையும் இப்போது அவர் பைக்குள்தானே இருந்தது. பள்ளிக்கூடத் தெருவிலிருந்து ஒரு பெண் கத்தியது எனக்கே கேட்டது: "தரையிலேருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணி அடிக்குது! புள்ளைங்களுக்கு வகுப்புல குளிர ஆரம்பிச்சாச்சு! யாராவது வருவீங்களா மாட்டீங்களா?"

"வரோம்மா" என்றார் ஒரெகே. தொலைபேசி அறை ஒரின்பாசார் அதைப் பற்றவைப்பாளர் ஒரின்பாசாருக்கு ஒதுக்கினார். மேற்பார்வையாளர் ஒரின்பாசார் பரிந்துரைத்தார். அவர் மனைவி குல்சியா பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

"எங்க கெளம்பறீங்க?"

"பள்ளிக்கூடத் தெரு."

"பொண்ணு போறா இன்னிக்கு. அப்பன் ஆசி சொல்லாம அவளை அனுப்ப நான் என்ன பதில் அப்பனா?"

கென்ரிக் எழுந்து இயக்குநரிடம் போனார். இயக்குநர் முன்னால் அவித்த ஆட்டுத்தலை; அதை அறுத்துப் பங்கிடுவது மேலிடத்து விருந்தாளியின் உரிமை. கையில் கத்தியோடு அதன் காதை யாருக்குக் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைரோல்லா பைசெனோவிச், ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க இத்தனை பேர் இருக்கோம். போய் அடைச்சுட்டு வந்துடறோம்."

கைரோல்லா பைசெனோவிச் கத்தியைக் கீழே வைத்தார். "கென்ரிக், நான் இப்போ இயக்குநர் இல்ல. ஆட்டுத்தலைக்கு முன்னால உக்காந்திருக்கற சாதாரண விருந்தாளி. நிறுவனத்துக்கு ஒரு பதில் இயக்குநர் இருக்கார். அவர் அதிகாரத்துல தலையிடறது என் பண்பாடு இல்ல. இதுக்கு முன்னாடியும் கஷ்டமான நேரத்துல நான் தலையிட்டதில்லைங்கறது உங்களுக்கே தெரியும்."

தெரியும் என்பதால் யாரும் மறுக்கவில்லை.

கென்ரிக் திரும்பி வந்தார். ஒரெகே ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்துவிட்டு மறு கையை நுழைக்க முடியாமல் நின்றார்.

"போனைக் கொடு" என்றார் கென்ரிக்.

"எதுக்கு?"

"இது ஒரின்பாசாரைத்தானே கூப்பிடுது? நான்தான் ஒரின்பாசார். இந்தா, இவனும் ஒரின்பாசார். இந்த அறிவாளி போன் பிடிக்கறவன் மூஞ்சியையா பாக்குது? நீ போய் உன் பொண்ணுகிட்ட நில்லு."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டினா உன் பேர்லதான் மாட்டுவோம். நீதான் பதில் இயக்குநர். மன்னிச்சு விட்டுடு."

நல்ல சட்டை, கழுத்துப்பட்டை, பளபளத்த காலணி. அந்தக் கோலத்தில் எங்கள் பற்றவைப்பாளர்கள் மண்டபத்தை விட்டு ஓடினார்கள். ரைசா உதட்டுச் சாயத்தோடு சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். கிடங்கில் ஒரின்பாசார் அனுமதித்த குழாயை ஒரின்பாசார் எடுத்துக் கொடுத்தார், ஒரின்பாசார் வாங்கிக்கொண்டார். அறிவாளி ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஒரெகே மகளின் முன்னால் உள்ளங்கைகளை விரித்தார். "போற எடத்துல உனக்குன்னு ஒரு எடம் இருக்கட்டும்மா" என்றார். அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் முகத்தைத் தடவி ஆமீன் சொன்னோம். ஜன்சாயா தொப்பி சாய்வதையும் பார்க்காமல் அவர் தோளில் முகத்தைப் புதைத்தாள். ரயில் போனபிறகு அவர் அதே சூட்டில் பள்ளிக்கூடத் தெருவுக்கு நடந்தார். அங்கே வேலை முடிந்திருந்தது. கழுத்துப்பட்டையில் சேறு வழியக் கென்ரிக் நடைபாதையில் உட்கார்ந்து, மண்டபத்திலிருந்து எடுத்து வந்த பவுர்சாக்கைத் தின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒரெகே இயக்குநரிலிருந்து எல்லோருக்கும் 'ஒப்படைத்தேன்' பொத்தானை அழுத்திக் கொடுத்தார். இந்த வழி சுலபமாக இருந்ததால் அதன்பிறகு எல்லோரும் இதையே பழகிக்கொண்டோம். வேலை யாருக்கு வந்தாலும் ஒரின்பாசார் பெயருக்குத் தள்ளிவிட்டால் கேள்வி கிடையாது. பழையபடி நான் ஜன்னலைத் திறந்து கத்தினேன். டீ குடித்து முடித்தவர் ஒரின்பாசாராகப் போனார். குழாய்கள் அடைபட்டன. அந்தக் குளிர்காலத்தில் நகரம் ஒருநாளும் உறையவில்லை. அதுதான் எங்களுக்கு வினையாக முடிந்தது.

பனி இளகத் தொடங்கியபோது அறிவாளி ஓர் ஆண்டறிக்கையைத் துப்பியது. கைரோல்லா பைசெனோவிச் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்.

"நம்ம நிறுவனம் தேசிய விருதுக்குத் தேர்வாகியிருக்கு. எதுக்குத் தெரியுமா? இந்த நகரத்துல ஒரே ஒரு மனுசன் அத்தனை வேலையையும் தனியாச் செஞ்சிருக்கான்!" ஒரெகேயை எழுப்பி நிற்கவைத்தார். "மத்தவங்க யாரும் ஒரு வேலையும் செய்யல. இது என் கருத்து இல்ல, நான் யாரையும் கவனிச்சதே இல்ல. இது தரவு. அதனால விருதை வாங்கிட்டு வந்ததும் மத்தவங்களை வீட்டுக்கு அனுப்பற ஆணையில கையெழுத்துப் போடப் போறேன். மனசு கனமாத்தான் இருக்கு. ஆனா விருது அதைவிடக் கனம்னு சொன்னாங்க."

அவரே முதலில் கைதட்டினார். இந்தத் தடவை அவர் மட்டும்தான் தட்டினார்.

ஒரெகே அவருடைய அறைக்குப் போய், அதெல்லாம் நான் செய்யவில்லை, எல்லோரும் சேர்ந்து செய்தோம் என்று சொன்னார். இயக்குநர் கதவைச் சாத்தச் சொன்னார். "அப்படின்னா அத்தனை பேரும் சுயேச்சை நடவடிக்கை. ஒவ்வொருத்தர் மேலயும் விசாரணை வரும், நீ உட்பட. சும்மா இருந்தா நீ ஒருத்தனாவது மிஞ்சுவே. நல்லா யோசி." தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு அறிவாளியில் விடுப்புப் போட்டு அன்றே தலைநகரத்துக்கு விமானம் ஏறினார்.

ஒரெகே என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால் எல்லோருக்கும் வேலை போகும். சொல்லாவிட்டால் அவரைத் தவிர எல்லோருக்கும் போகும். நான் டீ ஊற்றி வைத்தேன், ஆறிப்போனது. கென்ரிக் சுவரில் சாய்ந்து நின்றார். அவருடைய மனைவிக்கு முழங்கால் சிகிச்சை பாதியில் நின்றிருந்தது.

விருது விழா முடிந்த மறுநாள் காலை எல்லோருடைய முகமும் ஜன்னலில் இருந்தது. கறுப்புக் கார் வந்து நின்றது. கைரோல்லா பைசெனோவிச் கண்ணாடி விருதைக் கையில் ஏந்திக்கொண்டு இறங்கி அட்டையைக் காட்டினார். கதவு திறக்கவில்லை. மறுபடி காட்டினார். விருதைப் பனியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் காட்டினார்.

என் அறைத் தொலைபேசி அடித்தது. ஒரெகேதான் எடுத்தார்.

"ஒரின்பாசார், நான் வந்துட்டேன். அந்தப் பொத்தானை அழுத்து."

ஒரெகேயின் கைபேசித் திரையில் 'இயக்குநர் பொறுப்பை ஒப்படைத்தேன்' என்று பச்சை நிறத்தில் இருந்தது. அவர் கட்டைவிரல் அதற்கு மேலே நின்றது.

"கைரோல்லா பைசெனோவிச்," என்றார் ஒரெகே அவருடைய சின்னக் குரலில், "நீங்க கையெழுத்துப் போடாம இருப்பீங்களா?"

"அது என் கையில இல்லப்பா. தரவு!"

"சரிங்க" என்றார் ஒரெகே. கைபேசியைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

இயக்குநர் சும்மா இருக்கவில்லை. ஐசுல்தானைக் கூப்பிட்டார். தரவுப்படி நீங்கள் விடுப்பில் இருக்கிறீர்கள், விடுப்பில் இருப்பவருடைய புகாரை ஏற்க முடியாது, பதில் இயக்குநர் எழுதிக் கொடுக்கட்டும் என்றார் ஐசுல்தான். இயக்குநர் மாகாண அலுவலகத்துக்குப் போனார். தாஸ்புலாக்கிலிருந்து அறிக்கைகள் முன்பைவிட ஒழுங்காக வருகின்றன, நீங்கள் நன்றாக ஓய்வெடுங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். மாதாமாதம் முதல் தேதிக்கு வந்து அட்டையைக் காட்டிப் பார்க்கிறார். காவல்காரர் அவருக்குத் தன் கூண்டில் நாற்காலி போட்டுக் கொடுக்கிறார். பாலூற்றிய டீ கொடுக்கிறார். அங்கே உட்கார்ந்து அவர் போகிற வருகிறவர்களுக்கு மேலாண்மை பற்றி எடுத்துச் சொல்கிறார்.

யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. குழாய் வெடிக்கிறது, நான் கத்துகிறேன், யாரோ போகிறார்கள். ஒரெகே மட்டும் எங்கேயும் போவதில்லை. அவர் ஒருநாள் விடுப்பு எடுத்தால் இயக்குநர் பதவி என்ன ஆகும், யாரிடம் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அறிவாளியிடம் கேட்டுப் பார்க்கவும் பயம். அதனால் அவர் இயக்குநர் அறையில், பெரிய மேசைக்குப் பின்னால், பற்றவைக்கிற சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். மேசைமீது எதையும் தொடுவதில்லை.

கோடையில் சம்பந்தி வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் முதன்முதலாகப் போய் இறங்குவது பெரிய மரியாதை; ஆடு அறுத்து, பட்டு மெத்தை விரித்துக் காத்திருப்பார்கள். குல்சியா தனியாக ரயில் ஏறினாள். ரயிலடிக்கு நான் போனேன். அவள் ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

மறுநாள் நான் ஏதோ கையெழுத்துக்காக ஒரெகேயின் அறைக்குப் போயிருந்தபோது கைபேசி அடித்தது. ஜன்சாயா. பின்னால் சிரிப்பும் தட்டுகளின் சத்தமும் கேட்டன.

"அப்பா, எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க. மேலிடத்துல உங்க எடம் காலியா இருக்கு. யாரையும் உக்கார விடமாட்டேங்கறார் மாமா. எப்பப்பா வருவீங்க?"

ஒரெகே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முதல் தேதி; வெளியே காவல்காரர் கூண்டில் இயக்குநர் ஒரு பெண்ணுக்குக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"வரேன் கண்ணு" என்றார். "எனக்குப் பதிலா ஒரு ஆள் கெடைக்கட்டும்."